பிரிஜித் திருநாளை முறைப்படி கொண்டாட

அயர்லாந்துத் திருநாள் என்றதுமே மார்ச் 17, புனித பேட்ரிக், பச்சைச் சட்டை, ஊர்வலம் என்று பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். பிப்ரவரி 1இல் வரும் புனித பிரிஜித் திருநாளில் தெருவோரம் நின்று வேடிக்கை பார்க்க அவ்வளவாக ஒன்றும் கிடையாது. இது வீட்டுத் திருநாள். புல் பறிப்பது, வெண்ணெய் கடைவது, உருளைக்கிழங்கு மசிப்பது, சிலுவை முடைந்து வாசலுக்கு மேல் செருகுவது, இவைதான் கொண்டாட்டம். அதில் முக்கால் பங்கு முந்தின நாள் மாலையிலேயே முடிந்துவிடும். பழைய கணக்கில் நாள் தொடங்குவது பொழுது சாயும்போதுதான். ஆகவே சனவரி 31 மாலைக்குள் எல்லாம் கைவசம் இருக்க வேண்டும்.

விடுமுறை நாளை வைத்துத் திட்டமிடுபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அயர்லாந்துக் குடியரசில் 2023 முதல் இது பொது விடுமுறை. ஒரு பெண்ணின் பெயரில் அந்நாட்டில் அமைந்த முதல் பொது விடுமுறையும் இதுவே. ஆனால் விடுமுறை விழுவது பிப்ரவரி மாதத்தின் முதல் திங்கட்கிழமையில். 1ஆம் தேதி வெள்ளிக்கிழமையாக வந்தால் மட்டும் அன்றைக்கே விடுமுறை. 2026இல் விடுமுறை பிப்ரவரி 2. 2027இல் 1ஆம் தேதியே திங்கள் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடும். அந்த வெள்ளிக்கிழமை விதி 2030இல் பயன்படும். விடுமுறை எங்கே நகர்ந்தாலும் சிலுவை முடையும் இரவு சனவரி 31தான். வட அயர்லாந்தில் திருநாள் உண்டு, விடுமுறை இல்லை.

யார் இந்தப் பிரிஜித்

பேட்ரிக், கொலம்பா ஆகியோருடன் அயர்லாந்தின் மூன்று காவல் புனிதர்களில் ஒருவர். ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில் பிறந்து 524 அல்லது 525இல் இறந்தார் என்பது மரபு. இறப்பின் 1500ஆம் ஆண்டாக 2024ஐக் கொண்டாடினார்கள். கில்டேர் என்ற ஊரில் அவர் நிறுவிய மடம் பெரும்பெயர் பெற்றது. ஊரின் பெயருக்கே 'கருவாலி மரத்தடிக் கோயில்' என்று பொருள். கொகிட்டோசஸ் என்ற துறவி ஏழாம் நூற்றாண்டில் லத்தீனில் எழுதிய வரலாறுதான் அவரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய நூல்களில் ஒன்று. அதில் வரும் பிரிஜித் வெண்ணெயையும் பாலையும் ஏழைகளுக்கு அள்ளிக் கொடுத்துவிடுகிறார். தாய் கணக்குக் கேட்கும்போது பாத்திரம் குறையாமல் இருக்கிறது. நனைந்த மேலாடையைச் சூரியக் கதிரின் மேல் உலர்த்துகிறார். திருநாளில் வெண்ணெயும் துணியும் ஏன் இத்தனை முக்கியம் என்பதற்கு இந்தக் கதைகளே போதும்.

பிரிஜித் என்ற பெயரில் ஒரு பழைய தெய்வமும் உண்டு. சுமார் 900ஐச் சேர்ந்த கோர்மக்கின் சொல்விளக்க நூல் அவளை அயர்லாந்துப் புராணத் தெய்வமான தாக்தாவின் மகள் என்றும் புலவர்கள் வழிபட்ட தெய்வம் என்றும் சொல்கிறது. அதே பெயருள்ள அவளுடைய சகோதரிகள் இருவரில் ஒருத்தி மருத்துவத்துக்கு, மற்றவள் கொல்லுத் தொழிலுக்கு. பிப்ரவரித் தொடக்கம் 'இம்போல்க்' என்ற பழைய பருவநாளும்கூட. செம்மறிகளுக்குப் பால் சுரக்கத் தொடங்கும் காலம். இதை வைத்து, திருநாளில் உள்ள ஒவ்வொரு வழக்கமும் கிறிஸ்தவத்துக்கு முந்தியது என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. அவ்வளவு உறுதிக்கு ஆதாரம் போதாது. சிலுவை முடைவதற்கே 17ஆம் நூற்றாண்டுக்கு முன் எழுத்துச் சான்று கிடைக்கவில்லை. தெய்வத்துக்கும் புனிதருக்கும் தொடர்பு இருந்திருக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சிலுவைக்கான கதை எளியது. சாகக் கிடந்த ஒரு தலைவனின் படுக்கையருகே அமர்ந்த பிரிஜித், தரையில் பரப்பியிருந்த புல்லை எடுத்துச் சிலுவையாகப் பின்னிக்கொண்டே அதன் பொருளைச் சொன்னார். அவன் ஞானஸ்நானம் பெற்று இறந்தான். அயர்லாந்துத் தொலைக்காட்சி 1961இல் தொடங்கியபோது இந்தச் சிலுவையைத்தான் சின்னமாக எடுத்துக்கொண்டது. பல ஆண்டுகள் வீட்டுக்கு வீடு திரையில் அது தெரிந்தது. நான்கு கைகளும் சற்றே விலகி நிற்கும் வடிவம் நாடு முழுக்கப் பரவியதில் அதற்குப் பங்கு உண்டு. முன்பு வட்டாரத்துக்கு ஒரு வடிவம் இருந்தது: வடக்கே மாட்டுத் தொழுவத்துக்கு மூன்று கைச் சிலுவை, மேற்கிலும் தெற்கிலும் குச்சிகளின் மேல் வைக்கோல் சுற்றிய வைரக்கட்டம்.

புல்லைத் தேர்ந்தெடுப்பது

இதற்கு வேண்டியது ரஷ் என்ற ஈரநிலத் தாவரம். தாவரவியலில் ஜுன்கஸ் எஃபூசஸ். தண்ணீர் தேங்கும் மேய்ச்சல் நிலத்தில் கொத்துக்கொத்தாக, முழங்காலுக்கு மேல் உயரத்தில் நிற்கும். நம்மூர்க் கோரையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கோரையின் தண்டை விரலில் உருட்டினால் மூன்று விளிம்பு தட்டுப்படும். இது உருண்டை, வழவழப்பானது. பிளந்தால் உள்ளே வெண்மையான பஞ்சு போன்ற நெட்டி அறுபடாமல் நீளமாக ஓடும்.

இதே இனத்தில் நீலம் கலந்த பச்சையாக, வரிவரியாக ஒன்று பக்கத்திலேயே வளரும். அதன் நெட்டி தட்டுத்தட்டாக இடைவெளி விட்டு இருக்கும். அதை மடித்தால் அந்த வெற்றிடத்தில் சட்டென்று உடையும். ஒரு தண்டைக் கிள்ளிப் பார்த்துவிட்டுப் பிறகு பறியுங்கள்.

மரபுப்படி இதை அரிவாளால் அறுப்பதில்லை, கையால் பிடுங்குவார்கள். கொத்தின் நடுவிலிருந்து ஒவ்வொன்றாக அடியைப் பிடித்து நேர்மேலே இழுத்தால் வெள்ளை அடிப்பகுதியோடு கழன்று வரும். சாய்த்து இழுத்தால் பாதியில் முறியும். ஒரு சிலுவைக்கு 25 தண்டு பறித்தால் 17 தேறும். நுனி பழுப்பேறியது, பூச்சி துளைத்தது எல்லாம் கழிந்துவிடும். நிலம் யாருடையதோ அவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். முழங்கால் வரை பூட்ஸ் கட்டாயம்.

பகலில் பறித்து, ஈரத் துணியில் சுற்றி நிழலில் வைத்தால் ஓரிரு நாள் தாங்கும். சூடான அறையில் வைத்தால் மறுநாளே விறைத்துப்போகும். விறைத்ததைத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து மீட்கலாம். கிடைக்காத ஊர்களில் கோதுமை வைக்கோல் உதவும். கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதியை மட்டும் வெட்டி, வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவையுங்கள். சிறு பிள்ளைகளுக்கு, கைவினைக்குப் பயன்படும் பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பித்துண்டுகள் (பைப் கிளீனர்) போதும். மடித்த இடத்தில் நிற்கும் என்பதால் முறை சீக்கிரம் பிடிபடும்.

வாசலில் நடப்பது

பறித்த புல்லை நேரே அடுப்படிக்குக் கொண்டுபோகக் கூடாது. வடக்கு மாவட்டங்களில் இருந்த வழக்கம் இது. பொழுது சாய்ந்ததும் வீட்டுப் பெண்களில் ஒருத்தி, பெரும்பாலும் சிறு பெண், பிரிஜித்தாக வெளியே நிற்பாள். கையில் புல் கட்டு. மற்றவர்கள் உள்ளே கதவைச் சாத்திக்கொள்வார்கள். அவள் கதவைத் தட்டி, "முழங்காலிடுங்கள், கண்களைத் திறவுங்கள், பிரிஜித்தை உள்ளே விடுங்கள்" என்பாள். உள்ளேயிருப்பவர்கள், "வருக, வருக, அந்தப் பெருமாட்டி வருக" என்று பதில் சொல்வார்கள். மூன்று முறை இப்படி. மூன்றாம் முறைக்குப் பிறகுதான் கதவு திறக்கும். புல்லை மேசைக்கு அடியில் வைத்துவிட்டு எல்லோரும் சாப்பிட உட்காருவார்கள். சாப்பாடு முடிந்த பிறகே சிலுவை. இந்த வரிசையை மாற்றிச் சிலுவையை மாலையிலேயே முடைந்து வைத்துவிட்டால், சாப்பாட்டு மேசைக்கடியில் வைக்க ஒன்றும் மிஞ்சாது. பிள்ளைகளுக்கும் கதவு விளையாட்டில் பிடிப்பு இருக்காது.

வெண்ணெயும் அதன் மோரும்

அன்றைய இரவுச் சாப்பாட்டில் புது வெண்ணெய் இருந்தாக வேண்டும். அதற்கு 30ஆம் தேதி இரவே உறை ஊற்ற வேண்டும்.

35 சதவீதத்துக்கு மேல் கொழுப்புள்ள கிரீம் 1 லிட்டர், புளிப்பான தயிர் 2 மேசைக்கரண்டி. கலந்து மூடி, 20 டிகிரியை ஒட்டிய அறையில் 12 முதல் 18 மணி நேரம் வையுங்கள். லேசாகக் கெட்டியாகி இளம்புளிப்பு வந்ததும் குளிர்பெட்டியில் வைத்து 13 முதல் 16 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். அதைவிடக் குளிர்ந்தால் கடைய நேரமாகும். சூடாக இருந்தால் வெண்ணெய் திரளாமல் எண்ணெய்ப் பிசுக்காகப் பிரியும். மத்தோ மூடியுள்ள ஜாடியோ, எது வசதியோ அது. ஜாடியானால் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது, அலம்ப இடம் வேண்டும். இரண்டு மூன்று தவணையாகச் செய்யுங்கள். முதலில் நுரைத்துக் கெட்டிப்படும், அசைவே இல்லாததுபோல் தோன்றும். பலரும் இந்த இடத்தில் கைவிடுகிறார்கள். இன்னும் சில நிமிடம் ஆட்டினால் சடக்கென்று மஞ்சள் மணிகளும் நீர்த்த மோருமாகப் பிரியும்.

மோரை வடித்து வையுங்கள். வெண்ணெயைக் குளிர்ந்த நீரில் பிசைந்து, நீர் தெளிவாக வரும்வரை மாற்றிமாற்றிக் கழுவுங்கள். மோர் மிச்சம் நின்றால் இரண்டே நாளில் புளித்து நாறும். சுமார் 400 கிராம் வெண்ணெய் தேறும். அதற்கு 6 முதல் 8 கிராம் உப்பு.

உறை ஊற்றாத கிரீமில் கடைந்தாலும் வெண்ணெய் வரும். ஆனால் அதன் மோரில் புளிப்பு இருக்காது. அதை வைத்துச் சோடா ரொட்டி சுட்டால் கல்லாகக் கிடக்கும். சோடா உப்புப் பொங்குவதே மோரின் அமிலத்தால்தான். புளிக்காத மோர்தான் இருக்கிறது என்றால் 250 மில்லிக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேருங்கள்.

ரொட்டிக்கு மைதா 350 கிராம், பொடித்த ஓட்ஸ் 100 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி, சலித்த சோடா உப்பு தட்டையாக ஒரு தேக்கரண்டி, மோர் 350 முதல் 400 மில்லி. மாவின் நடுவில் குழி செய்து மோரை ஊற்றி, விரித்த விரல்களால் வட்டமாகக் கிளறி ஒன்றுசேருங்கள். பிசையக் கூடாது, சப்பாத்தி மாவுப் பழக்கம் இங்கே கெடுதல். பிசைந்தால் இழுவை கூடி ரொட்டி ரப்பராகும், அதற்குள் சோடாவின் வாயுவும் வெளியேறிவிடும். உருட்டித் தட்டி, மேலே ஆழமாகச் சிலுவைக் கீறல் போட்டு உடனே அடுப்பில் வையுங்கள். 220 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 200இல் 25 முதல் 30 நிமிடம். அடியைத் தட்டினால் வெற்றுப்பானை ஒலி வர வேண்டும். சோடா கூடினால் சவர்க்காரச் சுவையும் மஞ்சள் புள்ளிகளும் வரும்.

மசித்த உருளைக்கிழங்குக்கு நான்கு பேருக்கு 1 கிலோ, மாவுத்தன்மை மிக்க இரகம். தோலோடு தண்ணீரில் போட்டு வேகவைத்து வடித்து, பாத்திரத்தின் மேல் துணி போட்டு ஐந்து நிமிடம் ஆவி அடங்க விடுங்கள். தோலுரித்துக் கட்டையால் மசியுங்கள். 200 மில்லி பாலில் ஏழெட்டு வெங்காயத்தாளை நறுக்கிப் போட்டு நான்கு நிமிடம் காய்ச்சி, சூடாகவே ஊற்றுங்கள். மிக்சியில் அடித்தால் மாவுச்சத்து உடைந்து பசையாகிவிடும். தட்டில் குவித்து நடுவில் குழி, குழி நிறைய அந்தப் புது வெண்ணெய். ஓரத்திலிருந்து ஒவ்வொரு கரண்டியாக எடுத்து வெண்ணெயில் தோய்த்துச் சாப்பிடுவது முறை.

சிலுவை முடைவது

கணக்கு சுலபம்: நடுவில் ஒன்று, அதோடு நான்கின் மடங்கு. முதன்முறை செய்பவருக்கு 13 போதும், பார்வையாக வர 17 அல்லது 25. எல்லாம் ஒரே பருமன், 30 முதல் 40 செண்டிமீட்டர் நீளம். கட்டுவதற்கு நான்கு ரப்பர் வளையமும் சணல் நூலும்.

முதல் தண்டைச் செங்குத்தாகப் பிடியுங்கள். இரண்டாவதை நடுவில் மடித்து முதலாவதின் நடுவில் மாட்டுங்கள். மடிப்பு இடப்பக்கம், இரண்டு நுனியும் வலப்பக்கம் நீட்டி நிற்கும். பிடித்தபடியே முழுவதையும் இடஞ்சுழியாகக் கால் சுற்றுத் திருப்புங்கள். இப்போது அந்த இரு நுனியும் மேலே பார்க்கும். மூன்றாவதை மடித்து, மேலே நிற்பவற்றை அணைத்து மாட்டி, நுனிகளை வலப்பக்கம் விடுங்கள். மறுபடி இடஞ்சுழியாகக் கால் சுற்று. நான்காவதும் அப்படியே. இனி முடியும்வரை இரண்டே விதி: புதுத் தண்டு மேலே நிற்கும் எல்லாவற்றையும் சேர்த்து அணைக்க வேண்டும், நுனி எப்போதும் வலப்பக்கம் போக வேண்டும்.

ஒவ்வொன்றையும் மாட்டியவுடன் நுனியை இழுத்து, கட்டைவிரலால் மையத்தை நோக்கி நெருக்குங்கள். புதியது முந்தையதின் மேல் ஏறி உட்காராமல் அதன் பக்கத்தில் வெளிப்புறமாகப் படிய வேண்டும். நடுச்சதுரம் பாய் முடைந்ததுபோல் சீராக வளர்ந்தால் சரியாகப் போகிறது.

கெடுவது பெரும்பாலும் நான்கு இடங்களில். நடுவில் பொத்தல் தெரிந்தால் முதல் ஐந்து தண்டுகளைத் தளர்வாக மாட்டியிருக்கிறீர்கள். பின்னால் இறுக்கி இதைச் சரிசெய்ய முடியாது, பிரித்துவிட்டுத் தொடங்குவதே மேல். ஒரு கை மட்டும் பருத்தால் ஒரு திருப்பம் விட்டுப்போயிற்று. மாட்டுவது, திருப்புவது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தால் தப்பாது. மடிப்பில் தண்டு வெடித்தால் ஈரம் போதவில்லை; மடிப்பதற்கு முன் அந்த இடத்தை விரலிடையில் நசுக்கித் தட்டையாக்குங்கள். கட்டும் நேரத்தில் எல்லாம் குலைந்தால், மையத்தை ஒரு கையால் அழுத்தியபடி மற்றவரை ரப்பர் மாட்டச் சொல்லுங்கள். தனியாகச் செய்பவர் கனமான புத்தகத்தை நடுவில் வைக்கலாம்.

நான்கு கைக்கும் ரப்பர் போட்டபின், மையத்திலிருந்து ஒரே தூரத்தில் சணலால் கட்டி நுனிகளை வெட்டிச் சமன்செய்யுங்கள். ரப்பரை உடனே கழற்ற வேண்டாம். பச்சைத் தண்டு காயும்போது சுருங்கும், இறுக்கிய முடிச்சும் தளரும். ஒரு வாரம் காற்றோட்டத்தில் படுக்கவைத்து உலர்த்தி, சணலை இறுக்கிவிட்டுப் பிறகு ரப்பரை எடுங்கள். ஈரத்தோடு குளியலறை ஓரம் போன்ற இடத்தில் தொங்கவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். திருநாள் இரவே மாட்ட வேண்டும் என்பவர்கள் ரப்பரோடு மாட்டிவிட்டுப் பிறகு இறக்கிக் கட்டலாம். யாரும் குறை சொல்லப்போவதில்லை.

வாசற்கதவுக்கு மேலே உட்புறமாக மாட்டுவது வழக்கம், தொழுவத்தில் ஒன்று தனியாக. தீயும் நோயும் அண்டாது என்பது நம்பிக்கை. பழைய சிலுவைகளைச் சில வீடுகளில் கூரையில் வரிசையாக அப்படியே விட்டுவைப்பார்கள். சில வீடுகளில் எரிப்பார்கள். இரண்டும் மரபுதான்.

இரவில் துணி, மறுநாள் காலை

படுக்கப் போகுமுன் ஒரு துணியோ நாடாவோ வெளியே, சன்னல் விளிம்பிலோ புதரிலோ வையுங்கள். அன்றிரவு பிரிஜித் அந்த வழியாகப் போகும்போது தொட்டுவிட்டுப் போவார். அதன்பின் அது தலைவலிக்கும் கன்று ஈனும் பசுவுக்கும் ஆகும் என்பது நம்பிக்கை. பருத்தி அல்லது லினன் நல்லது. காற்று பலமாக அடிக்கும் பருவம், கிளிப் போட்டுவிடுங்கள். மழை நனைத்தால் பாதகமில்லை, பனி இறங்குவதற்குத்தானே வைக்கிறோம். விடிவதற்குள் எடுத்து, உலர்த்தி, வீட்டிலிருப்பவர்களுக்குத் துண்டு துண்டாகப் பகிருங்கள். முன்னிரவில் அளந்து வைத்து, காலையில் நீளம் கூடியிருக்கிறதா என்று பார்க்கும் குடும்பங்களும் உண்டு.

பிப்ரவரி 1இல் சக்கரம் சுழலும் வேலை செய்யக் கூடாது என்ற கட்டுப்பாடு பல வட்டாரங்களில் இருந்தது: நூற்பு, வண்டி, அரைவை எதுவும் இல்லை. கெர்ரி மாவட்டத்தில் வைக்கோல் தொப்பியும் முகமறைப்புமாக, பிரிஜித் பொம்மையைத் தூக்கிக்கொண்டு இசையோடு வீடுவீடாகப் போகும் குழுக்கள் இன்றும் இருக்கின்றன. பார்க்க விரும்புவோர் கில்லார்க்லின் பக்கம் போகலாம். கால்வே பக்கத்தில் வைக்கோற்கயிற்றை வளையமாக முடிந்து அதற்குள் மூன்று முறை நுழைந்து வருவார்கள்.

கில்டேருக்கு நேரில் போவதானால் பேராலய வளாகத்தில் பழைய நெருப்புக் கோயிலின் அடித்தளத்தைப் பாருங்கள். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேல்ஸ் நாட்டு ஜெரால்ட் எழுதியது: 19 கன்னியர் இரவுக்கு ஒருவராக நெருப்பைக் காத்தனர், 20ஆம் இரவு பிரிஜித்தே காத்தார், வேலிக்குள் ஆண்கள் நுழையக் கூடாது. மடங்கள் மூடப்பட்ட 16ஆம் நூற்றாண்டில் அணைந்த அந்த நெருப்பை 1993இல் பிரிஜிடைன் துறவற சபைச் சகோதரிகள் மீண்டும் ஏற்றினார்கள். அவர்களுடைய சோலஸ் வ்ரீஜா மையத்தில் அது எரிகிறது.

ஊருக்கு வெளியே டல்லியில் பிரிஜித் கிணறு இருக்கிறது. லவுத் மாவட்டத்து ஃபோகார்ட்டும் கிளேர் மாவட்டத்து லிஸ்கேனரும் மற்ற இரு முக்கிய நீர்த்தலங்கள். இத்தகைய கிணறுகளைச் சுற்றுவது வலஞ்சுழியாக, சூரியன் போகும் திசையில். மரத்தில் துணி கட்டுவதானால் சாயமில்லாத பருத்தி நூலோ கம்பளியோ கட்டுங்கள். துணி மட்க மட்க நோயும் போகும் என்பதுதான் கட்டுவதன் நோக்கம். நைலான் நாடா மட்குவதில்லை, கிளை பருக்கும்போது அதை நெரித்துக் கொன்றுவிடும். முடிச்சு தளர்வாக இருக்கட்டும். பிளாஸ்டிக் செபமாலை, பேட்டரி விளக்கு எதையும் அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.